மேசைமேல் வைத்த மனு

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி முன்னைப்போலத்தான். சித்தப்பா விஷயம் ஒருவழியாகப் பதிவாகிவிட்டது. மாடி ஓதம் இந்த மழைக்கும் நிற்கவில்லை. மற்றதெல்லாம் அக்கா சொல்லியிருப்பாள். அவளிடமாவது பேசுகிறாயே, சந்தோஷம். வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ.

உன் பக்கத்துக் குவின்சி சென்டர் ஸ்டேஷனுக்கு எதிரே கருங்கல் தேவாலயம் ஒன்று இருக்கிறதே, உள்ளே போய்ப் பார்த்தாயா? இத்தனை நாளில் ஒருமுறைகூடப் போயிருக்க மாட்டாய். அதன் நிலவறையில்தான் ஜான் குவின்சி ஆடம்ஸ், அப்பா, அம்மா, மனைவியோடு அடங்கியிருக்கிறார். அவர் அமெரிக்க அதிபராக இருந்த நாலு வருஷத்தை விட்டுத்தள்ளு. 1831 டிசம்பரில் பிரதிநிதிகள் சபைக்குள் சாதாரண உறுப்பினராக நுழைந்து, 1848 பிப்ரவரியில் அங்கேயே சாய்ந்தது வரைக்கும்தான் அந்த மனுஷனுடைய உண்மையான உத்தியோகம். சபைக் குறிப்பு எடுத்தே தலை நரைத்தவன் சொல்கிறேன், அவையை அப்படிக் கையாண்டவர்கள் குறைவு.

1828 அதிபர் தேர்தலில் ஜாக்சனிடம் தோற்று வீட்டுக்கு வந்தவர். அதிபராக இருந்தவர் தொகுதி உறுப்பினராகப் போவது கௌரவக் குறைச்சல் ஆயிற்றே என்று தயங்கிச் சொன்னார்கள். ஜனங்கள் தேர்ந்தெடுத்தால் ஊர் நிர்வாகத்தில் உட்காருவதும் இழிவில்லை என்று சொல்லிவிட்டார். இதை நீ இரண்டு தடவை படி. பெரிய நாற்காலி போய்விட்டால் சின்ன நாற்காலியில் உட்காரலாம். ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

முதல் மாதமே பென்சில்வேனியாவிலிருந்து வந்த 15 மனுக்களைக் கொடுத்தார். தலைநகர் வாஷிங்டன் மாவட்டத்தில் அடிமை முறையை ஒழிக்கக் கேட்ட மனுக்கள். கொடுக்கும்போதே, அந்தக் கோரிக்கையில் தனக்கு உடன்பாடில்லை என்றும் சொன்னார். மனுவோடு உடன்படுவது வேறு, மனுக் கொடுக்கும் உரிமை வேறு. அவர் சண்டை முழுக்க இந்த ஒரு நூலில்தான் தொங்கியது.

1836 மே 26 அன்று 117க்கு 68 என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். அடிமை முறை பற்றிய எந்த மனுவும் அச்சிடப்படாது, குழுவுக்குப் போகாது, அப்படியே மேசைமேல் வைக்கப்படும். நம் அவையில் ஓர் அறிக்கையை மேசைமேல் வைத்தால் உறுப்பினர் எல்லாரும் பார்க்கட்டும் என்று அர்த்தம். அங்கே மேசைமேல் வைத்தால் அந்த விஷயம் செத்தது என்று அர்த்தம். இது தெரியாமல் அவர்கள் குறிப்புகளைப் படித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். பதில் வராத கடிதமும் அந்த மாதிரி மேசையில்தான் கிடக்கும் போல.

மனுஷன் ஓட்டை தேட ஆரம்பித்தார். தீர்மானம் அந்தக் கூட்டத்தொடரோடு காலாவதியாகும். அடுத்த தொடரில் அதை மறுபடி கொண்டுவரும் வரை இடைவெளி, அதற்குள் மனுக்களைக் கொட்டிவிடுவார். இன்னொன்று, சபாநாயகர் போல்க் சுத்தியலைத் தட்டுவதற்குள் மனுவின் சாரத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுவது. அடிமை முறை என்ற சொல்லே இல்லாமல் டெக்சாஸ் இணைப்புக்கு எதிராக, ஹெய்ட்டியை அங்கீகரிக்கச் சொல்லி, வாய்ப்பூட்டான அந்தத் தீர்மானத்தையே எடுக்கச் சொல்லி எழுதிய மனுக்களும் உண்டு.

எனக்குப் பிடித்தது 1837 பிப்ரவரி 6. 22 அடிமைகள் எழுதியதாகச் சொல்லும் ஒரு மனு கையில் இருக்கிறது, இது தீர்மானத்துக்குள் வருமா என்று சபாநாயகரிடம் கேட்டார். கொடுக்கவில்லை, கவனி, கேட்கத்தான் செய்தார். அவையே கொதித்தது. கண்டனத் தீர்மானம் வந்தது, அதைத் திருத்தினார்கள், மறுபடி திருத்தினார்கள். அப்புறம்தான் சொன்னார், அந்த மனு கேட்பது ஒழிப்புக்கு நேர் எதிரானது என்று. கண்டித்தவர்கள் எதைக் கண்டிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். தீர்மானம் தோற்றது.

1840 ஜனவரியில் 114க்கு 108 என்று அந்த மனுத் தடையை 21ஆம் நிலையான விதியாகவே ஆக்கிவிட்டார்கள். இனி மனுவை வாங்கிக்கொள்வதே கிடையாது. ஆனால் அங்கேதான் அவர்கள் கணக்குத் தப்பியது. மேசைமேல் வைப்பதற்குத் தலையாட்டிய வடக்கு உறுப்பினர்களுக்கு, வாங்கவே மாட்டோம் என்பதை ஊரில் போய்ச் சொல்ல முடியவில்லை. வித்தியாசம் வெறும் ஆறு ஓட்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு தொடரிலும் ரத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

1842 ஜனவரியில் ஹேவர்ஹில் ஊர்க்காரர்கள் 46 பேர், மாநிலங்களின் ஐக்கியத்தையே கலைத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அதையும் கொடுத்தார். ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்று ஒரு குழு பதில் எழுதட்டும் என்றும் கேட்டார். உடனே கண்டனம். 74 வயதில் எழுந்து நின்று, முதலில் சுதந்திரப் பிரகடனத்தின் முதல் பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள் என்றார். காங்கிரஸ் நூலகத்திலிருந்து அடிமை ஒழிப்புக்காரர் தியோடர் வெல்ட் ஆதாரம் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, இவர் நாள் கணக்கில் பேசினார். தன்னைக் கண்டிக்கும் தீர்மானமே பேச்சுரிமையைக் கையில் கொடுத்துவிட்டது. இரண்டு வாரத்தில் எதிராளிகளுக்கே அலுத்துவிட்டது. 106க்கு 93 என்று கண்டனத்தை மேசைமேல் வைத்தார்கள். அவர்கள் மேசை அவருக்கே உதவியது! 1844 டிசம்பர் 3 அன்று 108க்கு 80 என்று விதி ஒழிந்தது. எட்டு வருஷம், செல்வம்.

அறிவு வளர்க்க ஒரு நிறுவனம் அமைக்கச் சொல்லி, ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானியின் உயிலில் அமெரிக்காவுக்கு வந்த பணத்தையும் பார். ஐந்து லட்சம் டாலருக்கு மேல். அதை ஆர்கன்சாஸ் பத்திரங்களில் போட்டார்கள், வட்டி வராமல் போயிற்று. அரசாங்கம்தான் பொறுப்பு, முதலை முழுசாக ஈடுகட்டு என்று விடாமல் நின்றார். 1846இல் அந்த ஸ்மித்சோனியன் நிறுவனம் சட்டமானது. நீயும் யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதே. ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

12 வயதில் ஆரம்பித்த நாட்குறிப்பு 51 தொகுதி. கை நடுங்கினாலும் எழுதினார். நீயும் தினம் நாலு வரி எழுது. யாருக்கும் அனுப்ப வேண்டாம், சும்மா எழுது. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

அவருடைய பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. 1809இல் ரஷ்யா போகும்போது மூத்தவர்கள் ஜார்ஜையும் ஜானையும் ஊரில் விட்டுவிட்டு, இரண்டு வயதுகூட நிரம்பாத சார்லஸை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். ஆறு வருஷம் கடிதத்திலேயே வளர்த்தார். ஜார்ஜுக்குப் பைபிளைப் பற்றிக் கடிதம் கடிதமாக எழுதினார். ஜான் ஹார்வர்டில் வகுப்பில் பின்தங்கினான் என்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்கு வரக் கூடாதென்று எழுதினார். 1823இல் மாணவர் கலகத்தில் ஜானை வெளியேற்றினார்கள். 1829 ஏப்ரலில் பெற்றோரை ஊருக்கு அழைத்துவரக் கிளம்பிக் கப்பலேறிய ஜார்ஜ் கரை சேரவில்லை. 28 வயது. ஜானும் 1834இல் போய்விட்டான். மனுவைக் கேட்காத அவையோடு எட்டு வருஷம் மல்லுக்கு நின்றவர், வீட்டில் யாருடைய மனுவையும் வாங்கவில்லை.

அரியர் முடிக்காமல் வாசப்படி மிதிக்காதே என்று உன் ஹாஸ்டலுக்கு நான் எழுதிய கார்டு உன்னிடம் இருக்கிறதா, கிழித்துப் போட்டாயா தெரியாது. அந்தத் தீபாவளிக்கு அம்மா உனக்கென்று எடுத்து வைத்த அதிரசத்தை ஒருவரும் தொடவில்லை. நான் எழுதியது தப்பு. அன்றைக்கே தெரியும், ஆனாலும் அடுத்த கார்டு எழுதவில்லை.

அக்கா என்ன சொன்னாள் என்று நான் இதில் எழுதப் போவதில்லை. வேலையைப் பற்றி நான் கேட்க மாட்டேன். அம்மாவும் கேட்க மாட்டாள், அவளிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை பத்து மணி என்றால் இங்கே ராத்திரி, நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன். உள்ளறையில் உன் கட்டிலை ஓதத்துக்காகச் சுவரைவிட்டு ஒரு முழம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். டிக்கெட் பணத்தைப் பற்றி யோசிக்காதே.

காதை மூடிக்கொள்.

அப்பா