செப்டெம்பர் 30 ஒன்ராறியோவிலும் விடுமுறையாக வேண்டும்: எங்கள் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒன்ராறியோ சட்டமன்றத்தில் இருக்கும் எங்கள் தமிழ் உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

நேரே விசயத்துக்கு வருகிறேன். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள் என்று செப்டெம்பர் 30ஐ மத்திய அரசு விடுமுறையாக்கியது 2021இல். அன்றைக்கு வங்கி பூட்டியிருக்கும், தபால் வராது. ஆனால் வெயார்ஹவுஸிலும் உணவகத்திலும் பக்டரியிலும் நிற்கிற எங்கள் சனத்துக்கு அது இன்னொரு வேலை நாள்தான், ஏனென்றால் இந்த மாகாணத்தின் வேலைச் சட்டத்தில் இருக்கும் 9 பொது விடுமுறைகளில் அது இல்லை. பிரின்ஸ் எட்வேர்ட் தீவு சேர்த்துவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா, மனிற்றோபா, வடக்கே உள்ள மூன்று பிரதேசங்கள் எல்லாம் சேர்த்துவிட்டன. நாங்கள் இன்னும் சேர்க்கவில்லை. அதைச் சேர்க்கும் மசோதாவை நீங்கள் கொண்டுவர வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இந்த நாள் அரசாங்கம் மனமிரங்கிக் கொடுத்த நாள் இல்லை. கனடாவின் முதற்குடிப் பிள்ளைகளை வீடுகளில் இருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்திருந்த வதிவிடப் பள்ளிகளில் இருந்து உயிரோடு வந்தவர்கள் வழக்குப் போட்டு, வருடக்கணக்காக நீதிமன்றப் படியேறி, அதில் கிடைத்த இணக்க ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாகத்தான் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2008இல் உருவானது. நீதிபதி மரே சின்கிளேயர் தலைமையில் அது நாடு முழுக்கப் போய் 6,500க்கும் மேற்பட்டவர்களிடம் சாட்சியம் கேட்டது. 2015இல் அது வைத்த 94 கோரிக்கைகளில் 80ஆவது, இப்படி ஒரு விடுமுறை நாள் வேண்டும் என்பது. ஆறு வருடம் அது அப்படியே கிடந்தது. 2021 மே மாதக் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸில், பழைய வதிவிடப் பள்ளி வளவில் ராடார் வைத்துப் பார்த்ததில், அடையாளம் இல்லாத 215 புதைகுழிகள் இருக்கலாம் என்ற செய்தி வந்தது. பிள்ளைகளின் சின்னச் சப்பாத்துகளைச் சனம் படிக்கட்டுகளில் கொண்டுவந்து வைத்தது. அதற்குப் பிறகு பாராளுமன்றத்துக்கு ஒரு வாரமே போதுமாக இருந்தது, ஜூன் 3ஆம் திகதி அது சட்டமானது.

ஏன் செப்டெம்பர் 30 என்பதற்கு ஒரு சட்டையின் கதை இருக்கிறது. 1973இல் பிலிஸ் வெப்ஸ்டாட் ஆறு வயதுப் பிள்ளை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வில்லியம்ஸ் லேக் பக்கத்தில் இருந்த பள்ளிக்குப் போக வேண்டும். அம்மம்மா, கையில் காசு பெரிதாக இல்லாதவர், பேத்தியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புதுச்சட்டை வாங்கிக் கொடுத்தார். முன்பக்கம் கயிறு கோர்த்துக் கட்டுகிற, மினுங்குகிற செம்மஞ்சள் சட்டை, பிள்ளை தானே பார்த்துத் தெரிந்தெடுத்தது. பள்ளிக்குள் போன முதல் நாளே அதைக் கழற்றி எடுத்தார்கள். பிறகு அவருக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை. வளர்ந்த பிறகு அவர் சொன்ன இந்தக் கதையில் இருந்துதான் 2013இல் செம்மஞ்சள் சட்டை நாள் தொடங்கியது. பிள்ளைகளை வீடுகளில் இருந்து கொண்டுபோன மாதம் என்பதால் செப்டெம்பரைத் தெரிவு செய்தார்கள்.

அந்தச் சட்டையை இப்போது நாங்களும் போடுகிறோம். நான் வேலை செய்யும் இடத்திலும் அன்று செம்மஞ்சள் நிறத்தில் வரச்சொல்வார்கள், இடைவேளையில் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுப்பார்கள், பிறகு பெல்ட் ஓடத் தொடங்கிவிடும். பக்கத்தில் நிற்கிற ஆளுக்கு இது எதற்கு என்று சொல்லக்கூட நேரம் இருக்காது. சொல்லவும் கேட்கவும் ஒரு முழு நாள் வேண்டும் என்றுதான் அந்த 80ஆவது கோரிக்கை கேட்டது.

இதெல்லாம் எங்கோ மேற்கே நடந்தது என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். ஸ்காபரோவில் இருந்து கார் எடுத்தால் பிரான்ட்ஃபோர்ட்டுக்கு ஒன்றரை மணித்தியாலம், தெருவில் நெரிசல் என்றால் இரண்டு. அங்கே மொஹாக் இன்ஸ்டிடியூட் கட்டடம் இன்றும் நிற்கிறது, 1830களில் தொடங்கி 1970 வரைக்கும் நடந்த பள்ளி. ஓயாமல் ஓட்ஸ் கஞ்சியே கொடுத்ததால் பிள்ளைகள் அதற்கு மஷ் ஹோல், அதாவது கஞ்சிக் குழி, என்று பெயர் வைத்தார்கள். பின்பக்கச் சுவரில் செங்கல்லுக்குச் செங்கல் பிள்ளைகள் கீறிவிட்டுப் போன பெயர்கள் இருக்கின்றன. கெனோராவில் இருந்த இன்னொரு பள்ளியில் இருந்து 1966 ஒக்டோபரில் சானி வென்ஜாக் என்ற 12 வயதுப் பையன் வீட்டுக்குப் போக ஓடினான். வீடு 600 கிலோமீற்றருக்கு அப்பால். அவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரியாது. மெல்லிய ஒரு ஜக்கெற்றோடு ரயில் பாதை ஓரமாக நடந்து, குளிரிலும் பசியிலும் அங்கேயே விழுந்து செத்துப்போனான். இரண்டும் எங்கள் மாகாணத்தில் நடந்தவை.

போரில் செத்தவர்களை நினைக்கிற நவம்பர் 11ஆம் திகதியும்தானே ஒன்ராறியோவில் விடுமுறை இல்லை என்று ஒருவர் என்னிடம் கேட்டார். சரி, இல்லைதான். ஆனால் போரில் செத்தவர்களின் பெயரை இந்த நாடு ஒருநாளும் மறைத்து வைக்கவில்லை, ஊருக்கு ஊர் தூபி கட்டிப் பெயர் பொறித்து வைத்திருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு நடந்தது நேர்மாறு. 1907இலேயே டொக்டர் பீற்றர் பிரைஸ் என்ற அரசாங்க மருத்துவர், இந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் சயரோகத்தில் கூட்டம் கூட்டமாகச் சாகிறார்கள் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார். அது கிடப்பில் போனது. 1920இல் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவதைக் கட்டாயமாக்கினார்கள்! 1,50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்தப் பள்ளிகள் வழியாகப் போனார்கள், 4,100க்கும் மேற்பட்ட இறப்புகள் இதுவரை பதிவாகியிருக்கின்றன.

உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். 2021 மே மாதம், கம்லூப்ஸ் செய்தி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னர்தான், இதே சட்டமன்றம் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் உங்களில் ஒருவர். எங்கள் வீடுகளில் அன்று எத்தனை பேர் அழுதார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முள்ளிவாய்க்காலை இந்த மண்ணில் சட்டம் போட்டு நினைக்கலாம் என்றால், இந்த மண்ணின் சொந்தக்காரர்களுடைய பிள்ளைகளை நினைப்பதற்கு முதலில் கை தூக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். 1986இல் எங்கள் ஆட்கள் 155 பேர் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து மீட்கப்பட்டபோது, கனடாவில் சில வதிவிடப் பள்ளிகள் இன்னும் நடந்துகொண்டிருந்தன. யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. குடியுரிமைச் சத்தியம் எடுத்தபோதும் அதில் முதற்குடிகளின் உரிமையைப் பற்றி ஒரு சொல் இருக்கவில்லை, அது சேர்க்கப்பட்டதும் 2021இல்தான்.

கடைக்காரருக்குச் செலவு என்பார்கள். எங்கள் சமூகத்திலேயே சின்னக் கடை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், ஒரு நாள் சம்பளம் அவர்களுக்கு உண்மையாகவே பாரம், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குடும்ப தினத்தை 2007 தேர்தலில் வாக்குறுதியாகச் சொல்லி, அடுத்த பெப்ரவரியிலேயே விடுமுறை விட்டார்கள், மாகாணம் தாங்கியது. அப்புறம், பள்ளிக்கூடம் பூட்டினால் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள் என்ற வாதம். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடத்தை அந்தக் கிழமையின் மற்ற நாட்களில் வையுங்கள். 30ஆம் திகதி தாய் தகப்பனும் பிள்ளையும் ஒன்றாகப் பிரான்ட்ஃபோர்ட் போய் அந்தச் சுவரைப் பார்க்கட்டும்.

உங்கள் சபையிலேயே முதற்குடியைச் சேர்ந்த கீவெட்டினூங் தொகுதி உறுப்பினர் சோல் மமக்வா இருக்கிறார். 2024 மே மாதம் தன் தாய்மொழியில் அங்கே எழுந்து பேசியவர். கட்சி வேறாக இருந்தால் என்ன, முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள், மசோதா எப்படி இருக்க வேண்டும் என்று முதற்குடிகளிடமே கேட்டு எழுதுங்கள், அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள். கையெழுத்துச் சேர்க்க ஆள் தேவையென்றால் கோயில் வாசலிலும் தமிழ்க் கடை வாசலிலும் நிற்க நாங்கள் தயார். சபை அடுத்த முறை கூடும்போது இதைப் பற்றி என்ன செய்யப்போகிறீர்கள் என்று தமிழிலேயே எங்களுக்கு ஒரு பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் இருந்து, பக்டரியில் வேலை செய்யும் உங்கள் வாக்காளர் ஒருவர்