தனி லோட்டா

காவிரிப் பாசன ஊர்களில் பஞ்சாயத்துப் பேசும் நாட்டாமைகளுக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். பெயர் போடாமல்தான் எழுதுகிறேன். தஞ்சாவூருக்குக் கிழக்கே, கடைமடையில் ஒரு ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2016-இல் மாசமாக இருந்தபோது, கர்ப்பிணிகளுக்கு எடுப்பது போல எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. என்று வந்தது. வீட்டுக்காரருக்கு அதுவரை யாரும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை. கெஞ்சிக் கூத்தாடி, எச்.ஐ.வி. சோதனை பண்ணுகிற நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப்போனால் அவருக்கும் இருந்தது. நான் அப்போதே மாத்திரை போட ஆரம்பித்துவிட்டேன், மகளுக்கு நோய் இல்லை. அவரோ தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அந்த வாசலை மறுபடி மிதிக்கவே இல்லை. மூன்று வருஷத்தில் டிபி வந்து போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்த மறுநாளே பஞ்சாயத்து கூடியது. "உனக்குத்தானம்மா முதலில் வந்தது?" என்று கேட்டார்கள்.

முதலில் தெரிந்தது எனக்கு, அவ்வளவுதான். யாருக்கு முதலில் வந்தது என்று அந்தச் சோதனை சொல்லாது. பொம்பளைக்குப் பிள்ளை உண்டானதும் பார்த்துவிடுகிறார்கள், ஆம்பளைகள் தாமாகப் போவதில்லை, அதனால் பழி எப்போதும் எங்கள் தலையில் விழுகிறது. வரப்புத் தகராறில் அரை அடி எங்கே போனது என்று கண்டுபிடிக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை?

கொல்லையில் இருந்த மாட்டுக்கொட்டகையில் இருந்துகொள்ளச் சொன்னார்கள். குடியிருந்த வீட்டிலிருந்து எங்களை வெளியேற்றக் கூடாது என்று 2017-இல் போட்ட எச்.ஐ.வி. சட்டத்தில் இருக்கிறது, 2018 செப்டம்பரிலேயே அது அமலுக்கும் வந்துவிட்டது. அன்றைக்கு அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது. எனக்கும்தான்.

அப்புறம் அந்த லோட்டா. நடவுக்குப் போனால் டீ வரும், எனக்கு மட்டும் விளிம்பு நசுங்கின தனி லோட்டா. எங்கள் பக்கம் எல்லோருமே அண்ணாந்துதான் குடிக்கிறோம், வாயே படுவதில்லை, அதற்கு எதற்குத் தனி லோட்டா? மாத்திரையை ஒழுங்காகப் போட்டு ரத்தத்தில் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், உடலுறவில்கூட அடுத்தவருக்குப் பரவாது என்கிறார்கள். டீயில் பரவுமா?

மருந்துக்குப் பஞ்சமில்லை. 2004-இலிருந்து அரசாங்கம் இலவசமாகத்தான் கொடுக்கிறது, இப்போது எனக்கு நாளைக்கு ஒரே மாத்திரை. ஆனால் பக்கத்து ஊரிலேயே மருந்து கிடைக்கும்போது நான் இரண்டு பஸ் மாறி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், ஏனென்றால் அந்தப் பக்கத்து ஊரில் மருந்து கொடுக்கிற இடத்தில் வேலை பார்ப்பவர் எங்கள் தெருக்காரர். ஒரு நாள் நடவுக்கூலி போய்விடும். கேட்டால் சுகர் மாத்திரை என்பேன். வீட்டுக்கு வந்ததும் டப்பாவின் லேபிளைச் சுரண்டிவிட்டு, குலுங்கிச் சத்தம் வராமல் பஞ்சு அடைத்து, அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பேன். ராத்திரி கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். ஒரு தடவை கரண்ட் இல்லாத நேரம் கிடைக்காமல் அழுதே விட்டேன்.

உங்களிடம் காசு பணம் கேட்கவில்லை. அடுத்த கிராம சபையில் சாலை, தண்ணீர் பேசி முடித்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸைப் பத்து நிமிஷம் பேசவிடுங்கள். பிறகு நீங்களே முதல் ஆளாகப் போய் எச்.ஐ.வி. சோதனைக்கு ரத்தம் கொடுங்கள், நாலு பேர் பார்க்கிற மாதிரி. நாட்டாமையே போய்விட்டார் என்றால் எங்கள் வீட்டு ஆம்பளைகளும் போவார்கள். இன்னொரு பஞ்சாயத்தில் "முதலில் யாருக்கு" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஊர் பெயரைச் சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். மகள் அங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள்.