2023-24 ஆண்டறிக்கை: கூந்தன்குளத்தில் ஒரு பங்குனிக் காலை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் தாமிரபரணி கரை புரண்டதால் அந்த மாதக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. வெள்ளம் புகுந்த தெருக்களுக்குச் சாப்பாடும் போர்வையும் கொண்டுபோன உறுப்பினர்களுக்கு மனமார்ந்த நன்றி. 2011 முதல் ஜனவரிதோறும் நடந்துவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பிலும் நம்மவர்கள் கலந்துகொண்டார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம் போய்வந்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பங்குனி ஞாயிறு ஒன்றில், விடியும் முன்பே பாளையங்கோட்டையிலிருந்து வேனில் கிளம்பினோம். இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துகள் திரும்பிப் போகும் காலம் அது. எதிர்க்கரையில் சிறு கூட்டம் மட்டும் நின்றது. தண்ணீரில் நாமக்கோழிகள், கரையோரச் சேற்றில் பவளக்கால் உள்ளான்கள், அப்புறம் வாயைப் பக்கவாட்டில் வீசி வீசி மேய்ந்த கரண்டிவாயன்கள். புதிதாக வந்த உறுப்பினர்கள் தொலைநோக்கியை விட்டு நகரவே இல்லை.

ஆனால் கூந்தன்குளத்தின் அதிசயம் குளத்தைவிட ஊருக்குள்தான் இருக்கிறது. வீட்டு வாசல் வேம்புகளில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தன. வெயில் ஏறியதும் ஒரு தாய் நாரை சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு சிறகையும் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்தது. இணை வந்து இறங்கி மீனைக் கூட்டில் கக்கியபோதும் அது சிறகை மடக்கவில்லை. கீழே கொடியில் காயும் துணியிலும் எச்சம், தெருவெல்லாம் மீன் வாடை. ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பதில்லை; எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். 1994-இல் அரசு சரணாலயமாக அறிவிப்பதற்கு முன்பிருந்தே பறவைகளைக் காத்துவருபவர்கள் அவர்கள். தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த மறைந்த பால்பாண்டி இந்த ஊர்க்காரர்தான். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம் கிடைத்ததில் இந்த மக்களின் பங்குதான் பெரிது என்பது என் எண்ணம்.

நாங்கள் நின்ற தெருவுக்கு இன்னொரு வேன் பாட்டுச் சத்தத்தோடு வந்தது. திண்ணையில் இருந்த ஆச்சி ஒருவர் எழுந்து போய், "அய்யா, சத்தம் போடாதீய. குஞ்சு பயந்து கீழ விழுந்துரும்" என்றார். பாட்டு உடனே நின்றது. ஆனாலும் வருகிறவர்கள் எல்லாருக்கும் அந்த ஆச்சியே சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அதனால் செயற்குழு இரண்டு தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறது. முதலாவது, குஞ்சு பொரிக்கும் மாதங்களில் சிறு குழுவாக மட்டும் போவது. கூட்டு மரத்தடியில் கூடி நிற்பது, ஃபிளாஷ், ட்ரோன் எதுவும் கூடாது. இரண்டாவது, கீழே விழும் குஞ்சுகளின் தீவனத்துக்கு வனத்துறை அனுமதியோடு ஆண்டுதோறும் சங்க நிதியில் ஒரு தொகை ஒதுக்குவது. தொகையைக் கூட்டமே முடிவு செய்யட்டும்.

இந்த அறிக்கையையும் தீர்மானங்களையும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி.

செயலாளர்