சாவியைக் கொடுக்கும் முன் அரை நாள் கொடுங்கள்

படுக்கையும் சமையலறையும் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டியான மோட்டார்ஹோமை விற்கும் நிறுவனங்களுக்கும், வாடகைக்கு விடுபவர்களுக்கும் வணக்கம்.

வண்டியை ஒப்படைக்கும் நாளில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஃப்ரிட்ஜை எரிவாயுவுக்கு மாற்றுவது எப்படி, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது எப்படி, பக்கவாட்டுப் பந்தலை விரித்து மடக்குவது எப்படி என்று இரண்டு மணி நேரம் பொறுமையாகக் காட்டுகிறீர்கள். ஓட்டுவது பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் ஒரே வரி: "கார் ஓட்டுற மாதிரிதான் சார், பழகிடும்." அதுவரை கார் மட்டுமே ஓட்டிய ஒருவர் அந்த ஒரு வரியை நம்பி 12 மீட்டர் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருகிறார். சில நாட்களில் பின்பக்க மூலை கிழிந்த நிலையில் அதே வண்டி உங்கள் பட்டறைக்குத் திரும்பி வருகிறது. இது திரும்பத் திரும்ப நடக்கிறது. பெரிய வண்டி ஓட்டக் கற்றுத்தருகிற எங்களுக்கு இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

எப்போதும் அந்த மூலையே ஏன் அடிபடுகிறது? காரில் பின் சக்கரத்துக்குப் பின்னால் உடல் அதிகம் கிடையாது. மோட்டார்ஹோமில் 3 மீட்டர் வரைகூட நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி பின் அச்சை மையமாக வைத்துத் திரும்புவதால், முன்பக்கம் வலப்புறம் போகும்போது வால் இடப்புறம் வீசும். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால், நீட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளியே வரும் என்பது அனுபவக் கணக்கு. 3 மீட்டர் வால் இருந்தால் வீச்சு சுமார் 1 மீட்டர்.

பெட்ரோல் பங்கில் நடப்பதைப் பாருங்கள். பம்ப் இடப்புறம் இருக்கிறது. எரிபொருள் நிரப்பியாயிற்று. காரில் பழகிய கை, வண்டி நகர்ந்ததுமே வலப்புறம் ஒடிக்கிறது. ஓட்டுநரின் கண் முன்னால் இருக்கிறது. வால் பம்பைக் காக்கும் இரும்புத் தூணை நோக்கி வீசுகிறது. மூலை விளக்கு, பம்பர், பக்கச் சுவர் எல்லாம் ஒரே இழுப்பில் போகின்றன. பின் பம்பர் கடைசித் தூணைத் தாண்டும்வரை நேராகப் போ, அதன் பிறகு ஒடி. இவ்வளவுதான் பாடம். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சொன்னாலும் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். காலி மைதானத்தில் ஒரு நேர்கோட்டை ஒட்டி வண்டியை நிறுத்துங்கள். பின் மூலையிலிருந்து கோட்டின் பக்கமாக அரை மீட்டர் தள்ளி ஒரு பிளாஸ்டிக் கூம்பை வையுங்கள். கோட்டுக்கு எதிர்ப்பக்கம் முழுதாக ஒடித்து, நடை வேகத்தில் நகரச் சொல்லுங்கள். கூம்பு சாய்வதை ஓட்டுநர் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டால், வாலை அதன் பிறகு மறக்க மாட்டார். இதற்குப் பத்து நிமிடம் போதும். ஆகவேதான் கேட்கிறோம்: சாவியைக் கொடுக்கும் முன் அரை நாள் ஓட்டுப் பயிற்சி கொடுங்கள்.

அந்த அரை நாளில் பின்னோக்கி எடுப்பதும் இருக்கட்டும். உதவிக்கு நிற்பவர் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் தெரியும் இடத்தில்தான் நிற்க வேண்டும். அவர் கண்ணாடியில் மறைந்தால் அந்தக் கணமே பிரேக். சத்தம் போட்டால் கேட்காது, கை சைகைதான். நான்கு சக்கரமும் தரையில் உருளும்படி பின்னால் கார் கட்டி இழுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பின்னோக்கி எடுக்கவே கூடாது. காரின் முன் சக்கரங்கள் தாமாகவே ஒடிந்து இழுவைக் கம்பியை வளைத்துவிடும். முதலில் காரைக் கழற்றுங்கள்.

எடை விஷயத்தில் உங்கள் மௌனம் இன்னும் வருத்தம் தருகிறது. 300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ. அதற்கு மேல் எரிபொருள், ஆட்கள், சைக்கிள், சாமான். எல்லாவற்றையும் ஏற்றி, எடைமேடையில் ஒவ்வொரு அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தால்தான் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதை டயர் நிறுவனத்தின் அட்டவணையில் கண்டுபிடிக்க முடியும். காற்றழுத்தத்தை ஓட்டும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகும், வெடிக்கும். பின் அச்சில் அருகருகே இருக்கும் இரட்டைச் சக்கரத்தில் உள் பக்க டயரைப் பலர் பார்ப்பதே இல்லை. அது காற்றிழந்தால் அதன் பாரம் முழுவதும் வெளி டயர் மேல் விழும். மாதக்கணக்கில் நின்றே கிடக்கும் வண்டியில் டயரின் பட்டன் (தரையில் படும் வரிப்பகுதி) தேயாது, ரப்பர் மட்டும் கிழடாகும். பக்கச்சுவரில் 2319 என்று இருந்தால் அந்த டயர் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது. பழைய வண்டியைக் கைமாற்றும்போது இந்த நான்கு இலக்கங்களை வாங்குபவருக்குக் காட்டுங்கள்.

முன் டயர் வெடித்தால் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். அது தப்பு. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை ஒரு கணம் அழுத்தி, வண்டி நேர்கோட்டில் நிலைத்து ஓடத் தொடங்கிய பிறகே மெல்ல வேகம் குறைக்க வேண்டும். இதை வெடித்த பிறகு யோசித்துக் கண்டுபிடிக்க நேரம் இருக்காது.

மலை இறக்கமும் அப்படித்தான். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும். பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கினால் பிரேக் கொதித்து, பாதி வழியில் பிடிக்காமல் போகும். 60 கிலோமீட்டரைத் தொட்டால் அழுத்திப் பிடித்து 50-க்குக் கொண்டுவந்து முழுதாக விடுங்கள். மறுபடி 60 வந்தால் மறுபடி அழுத்துங்கள். முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி, நீளத்தில் 3 மீட்டருக்கு ஒரு விநாடி. நெடுஞ்சாலை வேகத்தில் இன்னொரு விநாடி கூட்டுங்கள். 12 மீட்டருக்கு 5 விநாடி.

உயரத்தையும் சொல்லிவிடுகிறோம். விளம்பரத் தாளில் அச்சான உயரம், மேலே ஏசியும் டிஷ் ஆண்டெனாவும் ஏறுவதற்கு முந்தைய உயரமாக இருக்கலாம். மாட்டி முடித்த பிறகு அளந்து, ஓட்டுநர் கண் எதிரே ஒட்டுங்கள். கையேட்டின் நடுப்பக்கத்தில் கிடக்கும் எண் தாழ்வான பாலத்தின் முன்னால் யாருக்கும் உதவாது. காருக்கான வழிகாட்டிச் செயலிக்கு அந்தப் பாலம் ஒரு பொருட்டே இல்லை என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

இதே நீள லாரியை ஓட்டத் தனித் தேர்வு கேட்கும் சட்டம், சில நாடுகளில் இந்த வண்டிக்குக் கார் உரிமமே போதும் என்கிறது. அதை மாற்றுவது உங்கள் கையில் இல்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் உள்ளே தூங்கும் குழந்தைகளோடு அந்த வண்டி உங்கள் வாசலிலிருந்துதானே புறப்படுகிறது? படுக்கை விரிப்பின் நிறத்துக்கு ஒதுக்கும் நேரத்தை ஸ்டீயரிங்குக்கு ஒதுக்க முடியாதா?

கோபத்தில் ஏதேனும் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை மாறவில்லை: ஒப்படைக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் அரை நாள் பயிற்சி, விலையிலேயே சேர்த்து. ஒரு காலி மைதானமும் ஆறு கூம்புகளும் நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். பாடத்திட்டத்தை எழுதித் தந்து, உங்கள் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்க நாங்கள் வருகிறோம். அடுத்த வண்டியிலிருந்தே தொடங்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கனரக வண்டி ஓட்டுப் பயிற்றுநர்கள்