கோடைத் திருவிழா வெடியும் வீட்டு நாய்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சித்திரையும் வைகாசியும் நம் ஊர்களில் அம்மன் கோயில் திருவிழாக் காலம். பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால், அதிர்வேட்டும் சரவெடியும் வாணவேடிக்கையும் அமர்க்களப்படுகின்றன. தீபாவளி என்றால் வெடி வெடிக்க அரசு நேரம் குறிக்கிறது. வளர்ப்புப் பிராணிகளைப் பற்றிய அறிவுரைகளும் நாளிதழ்களில் வருகின்றன. கோடையில் அந்த முன்னேற்பாடு எதுவும் இல்லை. ஆனால் நாய்க்குக் கோடைதான் கூடுதல் ஆபத்தான காலம் என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் வெயில். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் பெரும்பாலும் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பயந்தாலும் அப்படியே இரைக்கும். சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று சன்னல்களை அடைத்து, காற்றோட்டமில்லாத அறையில் பூட்டினால், தவித்து ஓடும் நாய்க்கு வெப்பவாதமே வந்துவிடலாம். பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு இந்த அபாயம் இன்னும் அதிகம். ஆகவே வீட்டின் நடு அறையில் மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டு, தொலைக்காட்சியையும் ஓடவிட்டு, எளிதில் கவிழாத அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிட வேண்டும். கட்டிலுக்கடியில் பதுங்கினால் வெளியே இழுக்கக் கூடாது. பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று சிலர் சொல்வது சரியல்ல. ஒண்டி வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம்.

வீட்டார் அனைவரும் திருவிழாவுக்குப் போகும்போது நாயை மொட்டை மாடியில் கட்டிவிட்டுப் போவது பல இடங்களிலும் வழக்கமாக இருக்கிறது. இது கொடிய தவறு. வெடிச்சத்தத்தில் மிரண்டு கைப்பிடிச் சுவரைத் தாண்டும் நாய், சங்கிலியிலேயே தொங்கி உயிர்விட நேரும். கட்டாமல் விட்டாலோ தெரு தெரியாமல் ஓடித் தொலைந்துவிடும். கழுத்துப் பட்டையில் கைப்பேசி எண் எழுதியிருந்தால் மீட்க வழியுண்டு. மிகவும் மிரளும் நாய்க்கு என்ன மருந்து தரலாம் என்று கால்நடை மருத்துவரிடம் காப்புக்கட்டும் நாளிலேயே கேட்டுவைப்பது நல்லது. மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை நாமாகக் கொடுக்கவே கூடாது. மறுநாள் காலை, வெடிக்காமல் கிடக்கும் பட்டாசுகளைப் பொறுக்கி அப்புறப்படுத்திய பிறகே நாயைத் தெருவில் விட வேண்டும்.

விழாக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் எழுப்பும் பட்டாசுகளை வெடிக்கக் கூடாது. சாமி புறப்பாடு தாமதமாகும்போது இந்த விதி காற்றில் பறக்கிறது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில் தங்கும் பறவைகளுக்காகப் பக்கத்திலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடிப்பதில்லை. அவ்வளவு தூரம் போக எல்லா ஊராலும் முடியாமல் இருக்கலாம். வாணவேடிக்கை நேரத்தை அழைப்பிதழில் அச்சிட்டு, ஒலிபெருக்கியிலும் முன்கூட்டி அறிவித்து, 10 மணிக்குள் முடித்துக்கொள்வது எந்த ஊராலும் முடியும். வரும் திருவிழாவிலேயே இதைத் தொடங்குமாறு விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திண்டுக்கல்.