பாட்டிக்கான இல்லத்தைத் தேர்வது குறித்து மகனுக்கு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. பாட்டியை எந்த முதியோர் இல்லத்தில் சேர்ப்பது, அதன் தரத்தை எதை வைத்து நம்புவது என்று நீ கேட்டிருந்தாய். போனில் சொல்லித் தீராது என்பதால் எழுதுகிறேன். இருதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பா கனம் தூக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வலப்பக்கம் முழுவதும் செயலிழந்துவிட்ட பாட்டியை என் ஒருத்தியால் புரட்டிப் படுக்கவைக்க முடியவில்லை. வீட்டோடு தங்க வரும் பெண்களும் நிலையாக இருப்பதில்லை. ஆகவே இல்லம் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சை நான் மறுபடி எடுக்கப்போவதில்லை. உறவினர்கள் சொல்வதைச் சொல்லட்டும்.

நீ அனுப்பிய அமெரிக்க நட்சத்திர மதிப்பீட்டை முழுவதும் படித்தேன். 2008 முதல் அங்கே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் நிர்வாகம் ஒவ்வொரு இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுத்துவருகிறது என்பதும், அரசு ஆய்வாளர்களின் சோதனை, ஊழியர் எண்ணிக்கை, அங்கே இருப்பவர்களின் உடல்நிலைக் குறிப்புகள் ஆகிய மூன்றையும் வைத்தே அந்த மதிப்பீடு கணக்கிடப்படுகிறது என்பதும் எனக்குப் பயனுள்ள செய்திகளாக இருந்தன. நம் பக்கத்தில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. கடலூர் மாவட்டத்து இல்லமானால் பதிவு பெற்றதுதானா என்று மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். அரியாங்குப்பம், லாசுப்பேட்டைப் பக்கம் என்றால் அது புதுச்சேரி அரசின் சமூக நலத்துறையின் பொறுப்பு. பதிவுச் சான்றைக் காட்டத் தயங்குகிற இடத்துக்குள் மேற்கொண்டு போகவே வேண்டாம். ஆனால் சான்று இருப்பதாலேயே பராமரிப்பு நன்றாக இருக்கும் என்று சொல்லிவிடவும் முடியாது. அதற்கு நேரில் போய், நின்று, கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

போன இடங்களில் பாதிக்கு மேல் முதல் கேள்வியிலேயே கழிந்துவிட்டன. தானாக எழுந்து நடப்பவர்களுக்கான இல்லங்களே இங்கு அதிகம். படுத்த படுக்கையாக இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அப்படி நேர்மையாகச் சொல்பவர்கள் மீது எனக்கு மரியாதைதான். எல்லோரையும் எடுத்துக்கொள்வோம் என்று உடனே தலையாட்டுகிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

எஞ்சிய இடங்களில் நான் ஒன்றையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். பாட்டிக்குப் பேச்சு குழறிவிட்டது. தாகம் என்றோ, ஈரமாக இருக்கிறது என்றோ, வலிக்கிறது என்றோ அவரால் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. ஆகையால் வாய்விட்டுக் கேட்க முடியாதவர்களை அங்கே எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டுமே பார்த்தேன். வரவேற்பறையையும் பூஜை அறையையும் தோட்டத்தையும் காட்டி முடித்த பிறகு, படுக்கையில் இருப்பவர்களின் அறைக்குள் போக அனுமதி கேட்டேன். நம்மைப் போல அடிக்கடி வந்து பார்க்க ஆள் இல்லாதவர் யாரோ, அவருடைய உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறார்களா, குதிகால் எப்படி இருக்கிறது, தண்ணீர்க் குவளை அவர் கைக்கு எட்டும் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். வலக்கை விழுந்துபோனவருக்கு வலப்பக்கம் மேசையைப் போட்டு அதில் தண்ணீர் வைத்திருந்த இடமும் உண்டு.

படுக்கைப் புண்ணைப் பற்றி உனக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அசையாமல் கிடப்பவருக்கு இடுப்பின் பின்பக்க எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, தோள்பட்டை ஆகிய இடங்களில் உடம்பின் பாரம் முழுவதும் அழுந்தி, ரத்த ஓட்டம் நின்று, தோல் செத்துப்போகிறது. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும் என்பார்கள். காற்று மெத்தை இருந்தாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது. சிவந்திருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தும், தொட்டால் சூடாகவும் இறுக்கமாகவும் இருக்கும். பகல் நேரப் பொறுப்பில் இருக்கும் பெண்ணிடம் இதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டால், பதில் சொல்லும் விதத்திலேயே அவருக்குக் கைப்பழக்கம் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடுகிறது.

புதுச்சேரியில் ஒரு பெரிய இல்லத்தில், ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் பக்கம் மாற்றிய நேரத்தைக் குறிக்கும் அட்டை தொங்கியது. பார்க்க மனதுக்கு நிறைவாக இருந்தது. அருகில் போய்ப் படித்தபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. ஆனால் நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் உரிய கட்டங்களில் கையொப்பம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. அந்தக் கட்டிலில் இருந்த அம்மாள் சுவரைப் பார்த்து முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் ஒரு தலையணைகூட இல்லை. குளிர்சாதன வசதியும் மின்தூக்கியும் உள்ள அந்த இடத்தை என் பட்டியலிலிருந்து அப்போதே எடுத்துவிட்டேன்.

இரவில் யார் இருக்கிறார்கள் என்பதை அடுத்ததாகக் கேட்டேன். பகலில் வெள்ளுடை அணிந்தவர்கள் நடமாடுவார்கள். இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேருக்கு எத்தனை பேர், அவர்களில் நர்சிங் படித்துக் கவுன்சிலில் பதிவு செய்தவர் ஒருவராவது உண்டா, அல்லது ஆயாம்மா ஒருவர் மட்டும் மாடிக்கும் கீழுக்கும் ஓடுகிறாரா என்பதுதான் முக்கியம். ஊழியர்களிடம் எத்தனை காலமாக இங்கே வேலை செய்கிறீர்கள் என்றும் கேட்டுப்பார். எல்லோரும் புதியவர்களாகவே இருந்தால், அங்கே ஆட்கள் தங்குவதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆட்கள் தங்காத இடத்தில் பாட்டியின் கைச்சாடை யாருக்கும் பழகாது.

சாப்பாட்டு நேரத்தில் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்ப்பது மிகவும் உதவியது. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்கும் தசையும் வலுவிழந்திருக்கும்; புரையேறி உணவு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வந்துவிடும். கெட்டியான கூழைவிட வெறும் தண்ணீர்தான் அவர்களுக்குச் சட்டென்று புரையேறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியால் நல்ல பக்கத்துக் கன்னத்தில் கொடுத்து, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பின் அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. திருப்பாதிரிப்புலியூர் அருகே நான் பார்த்த சிறிய இல்லத்தில், ஒரு பெண் தானும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கண்மட்டத்துக்குக் கண்மட்டம் இருந்தபடி, ஒரு முதியவருக்குக் குழைந்த பருப்புச் சாதத்தை ஊட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு அவருடைய தொண்டை ஏறி இறங்கும்வரை காத்திருந்தார். நடுவில் போன் அடித்தும் எழுந்து போகவில்லை. அந்த இல்லத்தில் மாதந்தோறும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறார்கள். ஒரே மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் தேட வேண்டும் என்று அங்கிருந்த நர்ஸ் தானாகவே சொன்னார்.

நாற்றத்தை வைத்து முடிவு செய்யலாம் என்று பலரும் சொல்வார்கள். நான் அதை அரைகுறையாகத்தான் ஏற்கிறேன். காலையில் துணி மாற்றும் நேரத்தில் எந்த நல்ல இல்லத்திலும் கொஞ்சம் வாடை இருக்கும். மாலையிலும் அதே வாடை அதே கட்டிலருகே இருந்தால்தான் கவலை. பினாயில் நெடி மூக்கைத் துளைக்கும் இடத்தில் எதை மறைக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னொன்றில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கையைக் கட்டிலோடு கட்டிவைப்பதும், தொந்தரவு செய்யாமல் இருக்கத் தூக்க மாத்திரை கொடுத்துக் கிடத்துவதும் இருக்கக் கூடாது. நீ இருக்கும் அமெரிக்காவில் ஊழியர்களின் வசதிக்காகக் கட்டிப்போடுவதை 1987-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது என்று படித்தேன். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகளைக் கொடுத்தால் உயிரிழப்பு அபாயம் கூடுகிறது என்று அங்குள்ள மருந்து நிர்வாகம் 2005-இலேயே எச்சரித்திருக்கிறது. நடுப்பகலில் ஓர் அறை முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தால், என்ன மாத்திரை, யார் எழுதிக்கொடுத்தது என்று கேட்டே ஆக வேண்டும். எங்களுக்குத் தெரிவிக்காமல் எந்தப் புதிய மருந்தும் தரக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஊரைப் பொறுத்த ஒரு கேள்வியும் இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகு நம் தெருவில் மின்சாரம் இல்லாமல் நாம் பட்டது உனக்கு நினைவிருக்கும். 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரி மூழ்கியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. அப்போது தண்ணீர் எதுவரை வந்தது, படுக்கையில் இருந்தவர்களை எங்கே மாற்றினீர்கள், காற்று மெத்தையும் ஆக்ஸிஜன் கருவியும் எதில் ஓடின என்று ஒவ்வோர் இடத்திலும் கேட்டேன். திருப்பாதிரிப்புலியூர் இல்லத்தார் மாடிக்குத் தூக்கிச் சென்ற வரிசையைக்கூடச் சொன்னார்கள். ஜெனரேட்டரை எனக்கு ஓட்டியும் காட்டினார்கள். அவசரம் என்றால் அரசு தலைமை மருத்துவமனை பக்கத்தில்; பெரிய சிகிச்சைக்கு ஜிப்மர் இருக்கிறது.

பண விஷயம் சுருக்கமாக. மாதக் கட்டணத்தில் டயபர், மருந்து, பிசியோதெரபி சேருமா, மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் கட்ட வேண்டுமா, முன்பணம் எப்போது திரும்பும், பாட்டியின் காலம் முடிந்தால் யாருக்கு முதலில் தகவல் வரும், அவரை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர என்ன ஏற்பாடு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் எதையும் விடாதே.

பெரிய இல்லம் வேண்டும், செலவைப் பார்க்காதீர்கள் என்று நீ அன்போடு சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் நான் நினைத்த நேரத்தில் ஆட்டோவில் போய் நிற்கக்கூடிய தூரத்தில் இருப்பதுதான் பாட்டிக்குப் பெரிய பாதுகாப்பு. குடும்பத்தார் எந்த வேளையிலும் வருவார்கள் என்று தெரிந்தால் கவனிப்பும் தளராது. பார்வை நேரம் மாலை ஒரு மணி நேரம் மட்டும் என்று கட்டுப்படுத்திய இடங்களை அதற்காகவே ஒதுக்கினேன். சிறிய இல்லத்தில் அறை குறுகலானது, இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது, உன்னிடம் மறைக்கவில்லை. இருந்தாலும் என் முடிவு அதுதான். முதலில் ஒரு மாதம் தற்காலிகமாகச் சேர்ப்போம். இடம் மாறினால் தொடக்க நாட்களில் குழப்பமும் அழுகையும் சாப்பாட்டை மறுப்பதும் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதைக் கண்டு நீ உடனே கலங்கிவிடக் கூடாது. எடை, தோல், தூக்கம் மூன்றையும் நான் குறித்துவைத்து வாரந்தோறும் உனக்கு அனுப்புகிறேன். சரியில்லை என்றால் எங்கே புகார் செய்வது என்று கேட்டாயே, முதியோருக்கான உதவி எண் 14567. ஆனால் அதற்கு முன் பாட்டியை வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவேன்.

உன்னிடம் எனக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. பாட்டிக்குப் பேச்சுதான் வரவில்லை, விவரம் எல்லாம் தெரியும். மருத்துவமனைக்கு என்று சொல்லி அழைத்துப்போய் அங்கே விட்டுவிட்டு வருவதில் எனக்குச் சம்மதமில்லை. அப்பாவால் இதைச் சொல்ல முடியவில்லை. வாயெடுத்தாலே கண் கலங்குகிறார். நான் சொல்கிறேன், ஆனால் நீயும் சொன்னால் பாட்டியின் மனம் ஆறும். காலையில் உடம்பு துடைத்து, தலை சீவி, தெளிவாக இருக்கும் நேரத்தில் வீடியோவில் கூப்பிடு. அவசரப்படாமல் பேசு, பதிலுக்கு அவர் இடக்கையைத் தூக்கும்வரை காத்திரு. அவர் வேண்டாம் என்று தலையசைத்தால், நாம் முன்பணம் கட்டப்போவதில்லை. மறுபடி உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
அம்மா