தூர்வாருவதற்கு முன்னால் சேற்றைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் ஏரியைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. நடைபாதை, வேலி, விளக்கு, புதுப் படகுகள் என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்திவிட்டால் பழைய பொலிவு திரும்பிவிடும் என்று ஒரு வரி போட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். மலைமேலேயே குடியிருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். இடம் போதாவிட்டால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், சேற்றைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இந்த ஏரி தானாக உண்டானது என்றுதான் வருகிறவர்களில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கரை போட்டதால் வந்த ஏரி இது. அதற்கு முன் அங்கே இருந்தது சதுப்பு. அமெரிக்க மிஷனரிகள் 1845-லேயே இங்கே பங்களா கட்டிக் குடியேறியிருந்தார்கள், வெள்ளைக்காரர்களுக்குச் சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் இல்லாத இடம் வேண்டியிருந்தது, அப்புறம் பொழுதுபோக்க ஒரு ஏரியும் வேண்டியிருந்தது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டு வந்ததும் லெவிஞ்ச்தான் என்பார்கள். எல்லாரும் ரசிக்கிற அந்த நட்சத்திர வடிவமும் யாரும் கோடு போட்டு வரைந்ததில்லை. பல பக்கத்திலிருந்து வந்து சேரும் பள்ளங்களில் தண்ணீர் ஏறி நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 60 ஏக்கர் தண்ணீரை மட்டும் ஏரி என்று பார்த்தால் கணக்கு தப்பும். சுற்றியுள்ள சரிவுகளில் எது விழுந்தாலும் கடைசியில் அந்தப் பள்ளங்களின் வழியாக இதில்தான் வந்து சேரும். ஒரு காலத்தில் அந்தச் சரிவுகளில் புல்வெளியும் மடிப்புகளில் சோலைக்காடும் இருந்தன. மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை விட்ட பிறகும் மாதக்கணக்கில் கசியவிடுவது அந்தப் புல்வெளிதான். அதைத் தரிசு என்று நினைத்துச் சீகையும் தைலமரமும் பைனும் நட்டார்கள். மிச்சமிருந்த சரிவில் வீடு வந்தது, லாட்ஜ் வந்தது, காட்டேஜ் வந்தது. இப்போது ஐப்பசி மழை ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், ரோட்டு மண்ணெல்லாம் செம்பழுப்பாக ஓடி ஏரிக்குள் இறங்குகிறது.

ஒருநாள் மழைக்குப் பிறகு ஏரி ரோட்டில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஓடை ரோட்டுக்கு அடியில் குழாய் வழியாக ஏரிக்குள் நுழையும் இடத்தில் நின்று பாருங்கள். முதலில் வருவது நுரை. பின்னாலேயே குதிரைச் சாணம், தின்று போட்ட சோளக் கட்டை, பஜ்ஜி மடித்த காகிதம். கொஞ்சம் மூக்கைத் தீட்டி நின்றால் செப்டிக் டேங்க் வாடையும் வரும். குதிரைக்காரர்களையும் சோளம் சுடுகிற அக்காக்களையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் போடுகிற குப்பை கண்ணுக்குத் தெரிகிறது, லாட்ஜிலிருந்து இரவில் திறந்துவிடுவது தெரிவதில்லை. அந்தக் கழிவைத் தின்றுதான் களைச்செடி மண்டுகிறது. வருஷாவருஷம் களையை அள்ளிப் போட்டு போட்டோ எடுக்கிறோம். அதற்குச் சாப்பாடு போடுவதை நிறுத்தாமல் அள்ளிக்கொண்டே இருந்தால் எப்போது முடியும்?

சரி, பாதரசத்துக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையில் அந்தச் சொல்லே இல்லை, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்த தெர்மாமீட்டர் ஆலை, பாண்ட்ஸ் கம்பெனி ஆரம்பித்து, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்கள் வெளியே கொண்டு வந்ததும் ஆலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவை அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். 2016-ல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்குக் கருணைத் தொகை கொடுக்கக் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. இது வரைக்கும் பலருக்குத் தெரியும். ஏரியின் கதைதான் தெரியாது.

ஆலை இருந்தது பாம்பார் சோலை பக்கம். அங்கே விழும் மழை கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்கிவிடும், ஏரிக்கு வராது, அதனால் ஏரிக்கு ஒன்றுமில்லை என்று இன்றைக்கும் டீக்கடையில் அடித்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் வழி அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகிற சமாச்சாரம், அது போவதற்கு ஓடை தேவையில்லை. அணுசக்தித் துறையின் கீழ் ஐதராபாத்தில் இருக்கும் ஆய்வு மையத்துக்காரர்கள் வந்து கொடைக்கானல் ஏரி, பெரிஜம், குக்கல் மூன்றிலும் மாதிரி எடுத்துப் பார்த்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். கொடைக்கானல் ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம். சேற்றிலும் இருந்தது, மீனிலும் இருந்தது. மூன்று ஏரிகளில் இந்த ஏரியின் சேற்றில்தான் அதிகம். அதே மையத்துக்காரர்களின் முந்தைய ஆய்வில் மரத்தில் ஒட்டி வளரும் பாசியில்கூட ஏறியிருந்தது, அது காற்றிலிருந்து மட்டும்தானே வந்திருக்க முடியும்?

இங்கேதான் சாக்கடையும் பாதரசமும் ஒன்று சேர்கின்றன. கழிவு அதிகமாகச் சேர்ந்தால் அடிச்சேற்றில் பிராணவாயு தீர்ந்துபோகும். அந்த மாதிரிச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள்தான் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. ரெண்டும் ஒன்றில்லை. மெத்தில் பாதரசம் புழுவில் ஏறி, சின்ன மீனில் ஏறி, பெரிய மீனில் குவிந்து, தட்டுக்கு வந்துவிடும், வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளையைக்கூட அது விடாது. அந்த ஆய்வில் ஏரிச் சேற்றிலிருந்த பாதரசத்தில் ஏறக்குறைய 6 சதவீதம் மெத்தில் பாதரசம், பெரிஜத்திலும் குக்கலிலும் அது குறைவு. ஆக, செப்டிக் டேங்கை ஏரியில் திறந்துவிடுகிறவர் வெறும் நாற்றத்தை மட்டும் சேர்க்கவில்லை.

இப்போது உங்கள் தூர்வாரும் யோசனையைப் பாருங்கள். ஆலை மூடி இத்தனை வருஷத்தில் சரிவிலிருந்து வந்த மண் பழைய சேற்றின் மேல் படிந்திருக்கும். கெட்டது அடியில் மூடிக் கிடக்கிறது என்றால் அது ஒருவகையில் நல்லது. ஜேசிபியை இறக்கிக் கிளறினால் மூடிக் கிடந்தது மேலே வரும், தண்ணீரில் கலங்கும், கலங்கிய தண்ணீர் மதகு தாண்டி வெள்ளி நீர்வீழ்ச்சி வழியாகக் கீழே போகும். அள்ளிய சேறு எங்கே போகும்? நம் மாநிலத்தில் ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு, சமவெளியில் அது மிக நல்ல திட்டம். இங்கே அதே பழக்கத்தில் டிப்பர் டிப்பராக அள்ளி கேரட், பீன்ஸ், பூண்டுத் தோட்டங்களில் கொட்டினால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தார்களா? கறுப்பாக, கொழகொழவென்று பார்க்க அருமையான எருவாகத்தான் இருக்கும். ஆலை மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும், கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் விட்டுவைக்கலாமா கூடாதா என்று வருஷக்கணக்கில் சண்டை நடந்தது. ஏரிச் சேற்றுக்கு என்ன அளவு?

தூர்வாரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நட்சத்திரத்தின் ஒவ்வொரு கையிலும், மேல் சேற்றை மட்டும் கரண்டியால் அள்ளாமல், குழாய் இறக்கி அடி வரைக்கும் சேற்றை எடுத்து, எந்த ஆழத்தில் எவ்வளவு பாதரசம் என்று பார்க்க வேண்டும். அதைத் தமிழில் எழுதிப் படகுத் துறையிலேயே ஒட்ட வேண்டும். தூண்டில் போட்டு கெண்டை பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு, எந்த அளவு மீனைச் சாப்பிடலாம், கர்ப்பிணிகள் எதைத் தவிர்க்கணும் என்று அதே பலகையில் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் செய்ய வேண்டிய வேலை கரைக்கு மேலேயே நிறைய இருக்கிறது. ஓடைகளில் இறங்கும் கழிவுக் குழாய்களைத் தேடி அடைப்பதும், ஏரிக்குள் நுழையும் இடத்தில் மண் தங்கும் தொட்டி கட்டுவதும் பாதரசத்தைத் தொடாமலே செய்யக்கூடியவை. ஆனால் அதில் திறப்பு விழா நடத்த முடியாது, விளக்குக் கம்பத்தில் முடியும்.

மலைக்கு வரும் வண்டிகள் முன்கூட்டியே இணையத்தில் வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸ் பற்றியும் எழுதியிருந்தீர்கள். 2024 மே 7-லிருந்து அது நடக்கிறது, 2025 கோடைக்கு உயர் நீதிமன்றம் வார நாள்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தது. வரவேற்கிறேன், ரோட்டில் மூச்சு விட முடிகிறது. ஆனால் இ-பாஸ் வண்டியைத்தான் எண்ணும். அந்த வண்டியில் வந்தவர் குளித்த தண்ணீர் எந்த ஓடையில் போனது என்பது அதில் வராது.

ஒரு வேண்டுகோள். உங்கள் நிருபரை மறுபடி அனுப்பினால், நகராட்சியிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் ஏரிச் சேற்றைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள், அள்ளினால் எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தாலும் அப்படியே போடுங்கள். பதில் வராவிட்டால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
கொடைக்கானல் வாசகர் ஒருவர்